ஒற்றைத் தட்டு

ஒன்பது மாதம் கழித்து நான் வீட்டுக்குப் போனது ஒரு சனிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. நல்ல வெயில். கேட்டின் கொண்டி எப்போதும் போலச் சிக்கியது. அம்மா வாசலில் நின்றபடி, "அத கொஞ்சம் தூக்கித் தள்ளு, மறந்துட்டியா?" என்றாள்.

மறக்கவில்லை. உள்ளே போக எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மாதுளையை மண்ணில் இறக்க வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாக ஃபோன் செய்துகொண்டிருந்தாள். "தோட்டக்காரர் சனிக்கிழமை வர்றேன்னுட்டாரு. நீயும் வந்து கூட நில்லு. செடியப் பத்திப் படிச்சவ நீதானே." நான் தாவரவியல் படித்தவள். பார்க்கிற வேலை என்னவோ வேறு ஊரில், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில், பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவது. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மரம் அக்காவின் அறையில் இருந்தது. கட்டிலை எடுத்துவிட்டார்கள். அலமாரியையும் எடுத்துவிட்டார்கள். தோட்டத்துப் பக்கம் திறக்கும் இரட்டைக் கதவுக்கு அருகில், இடுப்பு உயர மண்தொட்டியில், மாதுளை மட்டும் நின்றது. அறையில் இன்னும் பவுடர் வாசனையும் டெட்டால் வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஈர மண் வாசனை.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் விபத்து. அதன் பிறகு அவளுக்கு மிஞ்சியது வலது கையும், கட்டிலைத் தாண்டிக் கேட்காத ஒரு குரலும்தான். பார்ப்பதற்கு வளரும் பொருள் ஒன்றாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று அம்மா வாங்கி வைத்தது இந்தக் கன்று. பதினோரு வருடம் அவளும் அதுவும் பக்கம் பக்கமாக இருந்தார்கள். மரம் பூக்கும், பிஞ்சு உதிரும். "இந்த ரூம்ல ரெண்டு பேர் தொட்டியில இருக்கோம்" என்று அக்கா கிசுகிசுப்பாள். "ஒருத்தரையாவது கீழ எறக்கி விடுங்கடி." நாங்கள் சிரிப்போம். அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்போம்.

எங்களைக் கூப்பிட அவளிடம் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் இருந்தது. அதனால் தொட்டி விளிம்பில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் புரட்டிப் படுக்க வை. ஒற்றைத் தட்டு என்றால் சும்மா வா. ஒற்றைத் தட்டுக்கு அவசரம் கிடையாது. கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகலாம். தட்டித் தட்டி, விளிம்பில் நகத்தளவுக்குப் பிறை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நான் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. தொட்டி மண்ணைத்தான் பார்த்தேன். மேலே எதுவும் தெரியவில்லை.

ஸ்பூன் உள்ளேதான் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், ஒரு மதியம் மூன்று மணிக்கு, நான் ஹாலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான் கவனித்தேன், அக்காவின் அறைக் கதவு திறந்திருந்தது. வேலைக்கு எழுதிப் போட்டதையே நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

உள்ளிருந்து ஒற்றைத் தட்டு.

கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். மறுபடி ஒற்றைத் தட்டு. சின்ன வயதிலிருந்தே எனக்கு இப்படித்தான். யாராவது கூப்பிட்டால் முதலில் வருவது கூச்சம், பிறகுதான் கால். சோஃபாவில் உட்கார்ந்து தட்டுகளை எண்ணினேன். ஏழு வரை எண்ணினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய், கதவைச் சாத்தி, வாளியில் குழாயைத் திறந்து விட்டேன். வாளி நிரம்பி வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்தபோது சத்தம் இல்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

சளி மூச்சை அடைத்திருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். சில நிமிஷங்கள்தான் என்றார். மூச்சு முட்டினால் எத்தனை தட்டு என்று நாங்கள் மூன்று பேரும் ஒருநாளும் பேசி வைக்கவில்லை.

நான் உள்ளே போனபோது ஸ்பூன் அவள் கையில் இருந்தது. விரல்கள் சூடாகவே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து ஸ்பூனைப் பார்த்தால், தட்டினாளே, உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்பாள். தொட்டி மண்ணில் அதைச் செங்குத்தாக அழுத்தினேன். காம்பு மறையும் வரை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"தூங்கிட்டேம்மா. அவ தட்டவே இல்ல."

அம்மா மூன்று நாள் அந்த ஸ்பூனைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

தோட்டக்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். தெருவில் அவரை 'டாக்டர்' என்பார்கள். எந்தச் செடியைப் பார்த்தாலும் இலையைத் திருப்பிப் பார்த்து, நாக்கைச் சப்புக் கொட்டி, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

"பதினோரு வருஷமா ஒரே தொட்டியிலயா? மாமியார் வீட்ல கூட இவ்ளோ நாள் யாரும் அடங்கி இருக்க மாட்டாங்க பாப்பா."

அம்மா சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

சாக்கு விரித்து, தொட்டியைச் சாய்த்து ஏற்றி, மூன்று பேருமாக இழுத்தோம். தரையில் வட்டமாக ஒரு கறை மிஞ்சியது. தோட்டத்தில், அறை ஜன்னலுக்கு நேர் எதிரே, அம்மா இடம் பார்த்து வைத்திருந்தாள். குழி தயாராக இருந்தது. தோட்டக்காரர் சுத்தியலை எடுத்தார்.

மண்ணோடு மண்ணாக ஸ்பூன் விழுந்தால் காலால் மூடிவிடலாம் என்று கிட்டத்தில் போய் நின்றேன்.

சுத்தியலால் நான்கு முறை அடித்ததும் தொட்டி பிளந்தது. ஆனால் மண் உதிரவில்லை. உள்ளே மண்ணே இல்லை என்று சொல்லலாம். முழுக்க வேர். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, தொட்டியின் உருவத்தை அப்படியே வார்த்தது போல, தொட்டி இல்லாமலும் தொட்டியாகவே நின்றது.

"இத அறுத்து விடணும்" என்றார் தோட்டக்காரர். "நாலு பக்கமும் மேலருந்து கீழ கீறிடணும். இல்லாட்டி தொட்டி போனது வேருக்குத் தெரியாது. உள்ளயே சுத்திச் சுத்தி வந்து, தன்னத் தானே நெரிச்சுக்கும். நீ படிச்சிருப்பியே பாப்பா."

படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

அவர் ரம்பத்தை வைக்கக் குனிந்தார். அப்படியே நிறுத்தினார். "இது என்னம்மா?"

வேர்களுக்கு நடுவே எவர்சில்வர் மின்னியது. காம்பைச் சுற்றி ஐந்து வேர்கள் வளைந்திருந்தன. நான்கு ஒரு பக்கம், தடிமனான ஒன்று எதிர்ப்பக்கம். ஒன்பது மாதத்தில் மாதுளை வேர் அவ்வளவு தடிக்காது.

அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, "கையில இருந்து நழுவி இதுல விழுந்திருக்கு" என்றாள். "அதான் அவளால தட்ட முடியல. அதான் உனக்குக் கேக்கல."

என்னைப் பார்த்தாள். "உன் மேல தப்பே இல்லடி."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன்.

"எடுத்துடவா?" என்றார் தோட்டக்காரர். "அறுத்தா வந்துடும்."

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எதையும் அறுக்க வேண்டாம். பழைய மரம், அதிர்ச்சி தாங்காது. அப்படியே இறக்கிடுங்க."

அது தவறு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மூன்று வருடம் படித்த படிப்பு எனக்கு உருப்படியாக உதவிய ஒரே இடம் அதுதான்.

அப்படியே இறக்கி, மண் தள்ளி, மிதித்து, தண்ணீர் ஊற்றினோம். உடைந்த ஓடுகளைக் குழாயடியில் குவித்துவிட்டு அவர் போய்விட்டார்.

மூன்று மணிக்கு நானும் அம்மாவும் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே காற்று இல்லை. சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும்.

டொக்.

எவர்சில்வர் மண்தொட்டியில் படும் சத்தம். பதினோரு வருடம் கேட்டது. வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்.

அம்மா எழுந்தாள். சிங்க்கில் கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லை. குழாயை முழுதாகத் திறந்து விட்டாள்.

அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஹாஸ்டலில் எந்தச் சத்தமும் இல்லை. பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அம்மாவிடம் காலையில் மட்டும் பேசுவேன். ஒருநாள் அவளே மதியம் கூப்பிட்டாள்.

"மரம் அப்படியே நிக்குதுடி. ஒரு இலைகூட புதுசா விடல. காயவும் இல்ல. நட்ட அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. தொட்டா மொத்தமா ஆடுது."

"டாக்டரக் கூப்பிட்டுப் பாத்தியா?"

"ஒரு நாள் வந்து பாத்தாரு. இனிமே வரமாட்டாராம். மதியத்துல அந்தத் தோட்டத்துல கால் வைக்க மாட்டேங்கிறாரு. காலையில வாங்கன்னா, இடுப்பு வலிங்கிறாரு."

அவள் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், டொக்.

"அது என்ன சத்தம்மா?"

"குழாய் ஒழுகுது" என்றாள். பிறகு, "நீ வந்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மா அப்படிக் கேட்டதே இல்லை.

போனேன். பகல் இரண்டு மணிக்கு மண்வெட்டியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். அன்று செய்யாததை இப்போது செய்துவிடலாம். வேரைக் கீறி விட்டால் மரம் பிழைக்கும். அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்க மனதை விடவில்லை.

மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்ட ஆரம்பித்தேன். மண் பொலபொலவென்று வந்தது. ஒரு வேரும் தட்டுப்படவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு நூலளவு வேர்கூட வெளியே வந்திருக்கவில்லை.

மரத்தை நெருங்கியபோது மண்வெட்டி எதிலோ மோதியது.

கல் இல்லை. கையால் மண்ணைத் தள்ளினேன். வழவழப்பாக, வளைவாக, செம்மண் நிறத்தில் ஒரு சுவர். விரல் தடிமன் இருக்கும். இன்னும் தள்ளினேன். அது மரத்தைச் சுற்றி முழு வட்டமாகப் போனது.

தலையைத் திருப்பிக் குழாயடியைப் பார்த்தேன். உடைந்த ஓடுகள் அங்கேயே குவியலாகக் கிடந்தன. ஈரத்தில் பாசி பிடித்திருந்தது.

இது களிமண் கலந்த மண். தண்ணீரும் வெயிலும் பட்டு இறுகியிருக்கும். இறுகும். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு வீட்டைப் பார்த்த பக்கம் விளிம்பைத் துடைத்தேன்.

நகத்தளவுக்கு ஒரு பள்ளம். பிறை போல.

பழைய தொட்டியில் அந்தப் பள்ளம் தேய்ந்து மழுங்கியிருக்கும். இது கூர்மையாக இருந்தது. உள்ளே மண் பொடி உதிர்ந்து கிடந்தது. விரலால் தொட்டேன். ஈரம் இல்லாத, புதுப் பொடி.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அம்மா வந்து பின்படியில் உட்கார்ந்திருந்தாள். குழிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

நான் திரும்பாமலேயே சொன்னேன். முகத்தைப் பார்த்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நான் தூங்கல."

"தெரியும்."

"அவ தட்டினா. எனக்குக் கேட்டுது. ஏழு தடவ தட்டினா. நான் போகல. ஸ்பூன நான்தான்..."

"ஸ்பூன் தானா எந்திரிச்சுப் போயி மண்ணுக்குள்ள படுத்துக்குமா? அதுகூடவா எனக்குத் தெரியாது?"

"அப்புறம் ஏம்மா அன்னைக்குத் தோட்டக்காரர் முன்னாடி அப்படிச் சொன்ன?"

அம்மா கையை மடியில் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லாத கை.

"மாடியில நல்லாக் கேக்கும்டி. அவ ஜன்னலுக்கு நேர் மேலதானே கொடி கட்டியிருக்கு. துணி மடிச்சுட்டு இருந்தேன். ஒத்தத் தட்டுதானே, நீ கீழ இருக்க, நீ போவேன்னு நெனச்சேன். பதினோரு வருஷத்துல ஒரே ஒரு மத்தியானம் நான் எந்திரிக்காம இருந்துக்கறேனேன்னு..."

வெயில் முதுகில் சுட்டது.

"ஏழு இல்ல" என்றாள் அம்மா. குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "பதினாலு."

நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது இன்னும் ஏழு.

"இப்பவும் தினம் பதினாலுதான்" என்றாள். "மூணு மணிக்கு ஆரம்பிக்கும். பதினாலோட நின்னுடும். குழாயத் தொறந்து விட்டாலும் கேக்குது."

சமையலறைக் கடிகாரம் மூன்று அடித்தது.

அம்மா எழுந்து வந்தாள். முதல் முறையாகக் குழிப் பக்கம் வந்து, அந்தச் சுவரைப் பார்த்து, என் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் மரத்தடி மண் மேல் கையை வைத்தேன். அம்மா என் கை மேல் அவள் கையை வைத்தாள்.

டொக்.

உள்ளங்கையில் அது தெரிந்தது. சின்ன அதிர்வு. உள்ளேயிருந்து.

"வந்துட்டேன்க்கா" என்றேன்.

டொக்.

"நானும் வந்துட்டேன்டி" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். என்ன வேணும் சொல்லு."

டொக்.

எண்ணினோம். ஏழு வரை எனக்குத் தெரிந்த தட்டுகள். அதே இடைவெளி. எட்டாவதிலிருந்து நான் கேட்காதவை. அவற்றுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கடைசி மூன்றும் தட்டு என்றே சொல்ல முடியாது. ஸ்பூன் விளிம்பில் உரசிய மாதிரி இருந்தது.

பதினான்கு.

காகம்கூடக் கத்தவில்லை. அம்மா மூச்சை விட்டாள். நானும் விட்டேன். கேட்டுவிட்டோம், வந்துவிட்டோம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். என் கை மேலிருந்த அம்மாவின் கை தளர்ந்தது.

"முடிஞ்சிருச்சு" என்றாள். "எந்திரி. முகத்தக் கழுவு."

நான் கையை எடுக்கப் போனேன்.

உள்ளங்கைக்கு நேர் கீழே, மிக மெல்ல, ஒன்று.

பதினைந்து.

அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது.

"அக்கா" என்றேன். "வந்துட்டோம்க்கா. இங்கதான் இருக்கோம்." மண்ணில் வாயை வைத்துச் சொன்னேன். அம்மா சத்தமாகச் சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மண்ணை இரண்டு கைகளாலும் தட்டினாள்.

தொட்டி உடைந்தது வேருக்குத் தெரியவில்லை. நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பதினாறு.